‘திருப்பிச் சொல்லு!’ - தம்பி ஓட்டிய விமானமும் அம்மா ஏறிய மலையும்

ராத்திரி மணி பத்தேகால். கள்ளக்குறிச்சியில், எங்கள் வீட்டு நடு அறையில் உட்கார்ந்து, தம்பி சென்னையிலிருந்து திருச்சிக்கு விமானம் ஓட்டிக்கொண்டிருந்தான்.

சமையலறையில் அம்மா பாலுக்கு உறை ஊற்றிக்கொண்டிருந்தார். வெளியே இருட்டு. தம்பியின் கணினித் திரையில் மட்டும் பளீரென்று பகல். காதில் ஹெட்செட், கையில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஜாய்ஸ்டிக். விமானம் சென்னையை விட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தது.

“அக்கா, பத்தாயிரம் அடி தாண்டுற வரைக்கும் என்கிட்ட பேசாத. அது ரூல்” என்று முன்பே சொல்லியிருந்தான். பொங்கல் லீவுக்கு வந்த நான், சும்மா இருக்க முடியாமல், “நம்ம கல்வராயன் மலை தெரியுமாடா?” என்று கேட்டுவிட்டேன்.

சரியாக அந்த நேரம் அவன் காதில் ஒரு குரல். பக்கத்தில் இருந்த எனக்கும் லேசாகக் கேட்டது. “ஐஃப்ளை ஸிக்ஸ் ஒன் எய்ட் டூ, க்ளைம்ப் டு ஃப்ளைட் லெவல் ஒன் ஒன் ஸீரோ.”

தம்பி பட்டனை அழுத்தினான். “க்ளைம்ப் டு ஃப்ளைட் லெவல் ஒன் ட்ரீ ஸீரோ, ஐஃப்ளை ஸிக்ஸ் ஒன் எய்ட் டூ.”

ஒரு நொடிகூட ஆகவில்லை. “நெகட்டிவ். ஐ ஸே அகெய்ன், ஃப்ளைட் லெவல் ஒன் ஒன் ஸீரோ.”

தம்பி முகம் சுருங்கியது. சரியாகத் திருப்பிச் சொன்னான். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு முறை முறைத்தான்.

சொன்னது சுமார் 11,000 அடி. அவன் கேட்டதாக நினைத்தது 13,000 அடி. நடுவில் 12,000 அடியில் மதுரையிலிருந்து சென்னைக்கு இன்னொரு விமானம் எதிரே வந்துகொண்டிருந்தது. அதையும் யாரோ ஒருவர் தன் வீட்டு மேசையில் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

“கேம்தானே... மோதினா என்ன ஆயிடும்?” என்றேன்.

“ஒண்ணும் ஆகாது. ஆனா அப்படி நெனச்சா இதை ஆடவே தேவையில்ல” என்றான்.

அந்தப் பதில் எனக்குச் சுருக்கென்றது. அதற்குக் காரணம் இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எதிர்முனையில் இருப்பது மனிதர்!

விமான சிமுலேட்டர் என்றால், தனியாக உட்கார்ந்து விமானம் ஓட்டும் வீடியோ கேம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தம்பி ஆடுவது அதற்கும் ஒரு படி மேலே.

வாட்சிம் என்று ஓர் இணைய வலையமைப்பு இருக்கிறது. 2001-ல் தொடங்கப்பட்டது. ஐவாவோ என்று இன்னொன்றும் உண்டு. இரண்டிலும் சேரக் கட்டணம் இல்லை. உலகம் முழுக்க இருக்கிற ஆர்வலர்கள் அவரவர் வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டுகிறார்கள். இன்னும் சிலர் அவரவர் வீட்டில் ரேடார் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு, விமானக் கட்டுப்பாட்டாளராக உட்கார்கிறார்கள். சம்பளம் கிடையாது. வாட்சிமுக்கு இந்தியப் பிரிவும் இருக்கிறது. அன்று தம்பியோடு பேசிய ‘சென்னை அப்ரோச்’ அப்படி ஒரு தன்னார்வலர்தான்.

நினைத்தவுடன் கட்டுப்பாட்டாளராகிவிட முடியாது. படித்து, தேர்வெழுதி, மூத்தவர்கள் பார்க்கப் பயிற்சி எடுத்து, படிப்படியாகத்தான் ஏற வேண்டும். முதலில் தரையில் நகரும் விமானங்கள், அடுத்து டவர், அதற்கடுத்து அப்ரோச், அதன் பிறகுதான் நெடுவழி வான்பரப்பு. விமானம் ஓட்டச் சேர்பவர்களுக்கும் அடிப்படைத் தேர்வு உண்டு. விளையாட்டுத்தனமாகக் கூட விமானக் கடத்தலுக்கான 7500 குறியீட்டைப் போட அங்கே அனுமதியில்லை.

தம்பி தமிழ் மீடியம். இங்கிலீஷில் பேச வேண்டும் என்றால் கடையில்கூட என்னைத்தான் முன்னால் தள்ளுவான். முதல் இரண்டு மாதம் அவன் மைக்கையே தொடவில்லையாம். பேசத் தயங்குகிறவர்கள் தட்டச்சு செய்தும் பதில் சொல்லலாம் என்பதால் அப்படியே ஓட்டியிருக்கிறான். “பேசுனா சிரிப்பாங்கன்னு நெனச்சேன்க்கா. ஆனா இங்க இலக்கணம் தேவையில்ல. அவங்க சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னா போதும்.”

ஒரு பயணம், பல குரல்கள்

கிளம்புவதற்கு முன்பே வேலை ஆரம்பித்துவிடுகிறது. எந்த விமானம், எந்தப் பாதை, எவ்வளவு உயரம் என்று பறப்புத் திட்டம் பதிவு செய்ய வேண்டும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, எந்த ஓடுபாதை, காற்றழுத்தம் என்ன என்ற தகவலைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த வானிலை, அன்றைய நிஜ வானிலையேதான்.

பிறகு அனுமதி. போகவேண்டிய ஊர், பாதை, முதலில் ஏற வேண்டிய உயரம், ரேடாரில் அந்த விமானத்தை அடையாளம் காட்டும் நான்கு இலக்க எண் என்று கடகடவென்று வரும். தம்பி இதற்காகவே ஒரு பழைய டைரி வைத்திருக்கிறான். எழுதி, எழுதியதைப் படித்துக் காட்ட வேண்டும். “ரீட்பேக் கரெக்ட்” என்று எதிர்முனை சொன்னால்தான் அடுத்த வேலை. விமானத்தைப் பின்னுக்குத் தள்ள, ஓடுபாதை வரை உருட்ட, ஓடுபாதைக்குள் நுழைய, பறக்க என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அனுமதி. நிஜத்தில் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனி ஆட்கள் பார்ப்பார்கள். அன்று சென்னையில் அப்ரோச் மட்டும்தான் ஆன்லைன் என்பதால், டவர், கிரவுண்ட் வேலையையும் அவரே பார்த்தார்.

எண்களைச் சொல்வதில்கூட ஒரு முறை இருக்கிறது. மூன்றை ‘ட்ரீ’ என்பார்கள், ஐந்தை ‘ஃபைஃப்’, ஒன்பதை ‘நைனர்’. இரைச்சலில் ஒன்று இன்னொன்றாகக் காதில் விழக்கூடாது என்பதற்காக. பெயரையும் சுருக்கித் தப்பிக்க முடியாது. ஒரே வானில் 6182-ம் 6128-ம் பறந்தால், ஒருவருக்கான உத்தரவை இன்னொருவர் எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது ‘ராஜர்’ என்ற வார்த்தைதான். சினிமா பார்த்து, அதற்கு ‘சரி, செய்துவிடுகிறேன்’ என்று அர்த்தம் என நினைத்திருந்தேன். கிடையாது. ‘நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது’ என்பது மட்டும்தான் அதன் பொருள். உயரம், திசை, வேகம், ஓடுபாதை, காற்றழுத்தம் போன்றவற்றுக்கு ‘ராஜர்’ என்று மட்டும் பதில் சொல்லக்கூடாது. முழுசாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்வது விமானியின் பொறுப்பு. அதைக் காதுகொடுத்துக் கேட்டு, தப்பிருந்தால் திருத்துவது கட்டுப்பாட்டாளரின் பொறுப்பு. இரண்டும் சேர்ந்தால்தான் அந்தப் பேச்சு முடிந்ததாகக் கணக்கு.

என்னைப் பேசாதே என்றானே, அந்த விதியும் நிஜம்தான். 10,000 அடிக்குக் கீழே விமானி அறையில் தேவையில்லாத பேச்சு கூடாது என்று அமெரிக்காவில் 1981-ல் விதி கொண்டுவந்தார்கள். அது ஏன் என்பதற்கு அன்று நானே உதாரணமாகிவிட்டேன்.

ஒரு வார்த்தையின் விலை

இந்தக் கறார் எல்லாம் சும்மா வந்ததில்லை. 1977 மார்ச் 27. ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனெரிஃப் தீவு. விமான நிலையத்தில் பனிமூட்டம். கே.எல்.எம், பான் ஆம் நிறுவனங்களின் இரண்டு ஜம்போ ஜெட்கள் ஒரே ஓடுபாதையில். கே.எல்.எம் விமானத்துக்குக் கிடைத்தது, புறப்பட்ட பிறகு போகவேண்டிய பாதைக்கான அனுமதிதான். பறக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்த விமானி கிளம்பிவிட்டார். ‘காத்திருங்கள்’ என்று கட்டுப்பாட்டாளர் சொன்ன அதே நொடியில் பான் ஆம் விமானியும் பேச, இரண்டு குரல்களும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து வெறும் கீச்சொலியாகிவிட்டது. 583 பேர் இறந்தார்கள். விமானப் போக்குவரத்து வரலாற்றில் இன்றுவரை அதிக உயிர்களைப் பறித்த விபத்து அதுதான்.

அதற்குப் பிறகு ‘டேக்-ஆஃப்’ என்ற வார்த்தையையே பூட்டி வைத்துவிட்டார்கள். பறக்க அனுமதி கொடுக்கும்போதும், அந்த அனுமதியை ரத்து செய்யும்போதும் மட்டும்தான் அதைச் சொல்ல வேண்டும். மற்ற நேரங்களில் ‘டிப்பார்ச்சர்’. தம்பியும் இதைத் தவறாமல் கடைப்பிடிக்கிறான்.

நம் நாட்டிலும் ஒரு துயரம் நடந்திருக்கிறது. 1996 நவம்பர் 12. டெல்லிக்கு அருகே, ஹரியானாவின் சர்க்கி தாத்ரி. டெல்லியிலிருந்து கிளம்பிய சவுதி விமானத்துக்கு 14,000 அடி. டெல்லிக்கு வந்துகொண்டிருந்த கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி. நடுவே ஆயிரம் அடி இடைவெளி. கஜகஸ்தான் விமானம் தனக்குச் சொல்லப்பட்ட உயரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. இரண்டும் நடுவானில் மோதி, இரண்டிலும் இருந்த 349 பேரும் இறந்தார்கள். அதன்பிறகுதான் விமானங்களில் மோதல் தவிர்ப்புக் கருவியை இந்தியா கட்டாயமாக்கியது. டெல்லியில் வரும் விமானங்களுக்கும் போகும் விமானங்களுக்கும் வான்வழிகள் பிரிக்கப்பட்டன.

தம்பி திரையில் பார்த்த அதே ஆயிரம் அடி. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

‘சின்ன’ என்ற ஒரு வார்த்தை

இப்போது என் கதை.

நான் இணையச் செய்திப் பிரிவில் வேலை பார்க்கிறேன். முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் நடந்தது இது. மழைக்காலம். காலை ஆறு மணி ஷிஃப்ட். எந்தெந்த ஊர்ப் பள்ளிகளுக்கு விடுமுறை என்று மாநிலமே போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம். எங்கள் பகுதிச் செய்தியாளர் அண்ணன் ஒருவர் மழையில் நின்றுகொண்டே கூப்பிட்டார். காற்று இரைச்சல், விட்டுவிட்டுக் கேட்ட குரல். “...சேலம்... ஸ்கூல் லீவு... போட்டுடும்மா.”

“சரிண்ணா, போட்டுடறேன்!”

போட்டுவிட்டேன். ‘சேலத்தில் பள்ளிகளுக்கு இன்று விடுமுறை.’

அவர் சொன்னது சின்னசேலம்.

என் சொந்த மாவட்டத்து ஊர். சின்ன வயதில் ரயில் ஏற வேண்டுமென்றால் எங்களுக்குச் சின்னசேலம்தான். உலகத்தில் வேறு யார் அந்த இரண்டு ஊரையும் குழப்பிக்கொண்டாலும் நான் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆனால் ‘சின்ன’வைக் காற்று தின்றுவிட்டது. மீதியை என் அவசரம் தின்றுவிட்டது.

ஒன்பது நிமிடங்களில் செய்தியை எடுத்துவிட்டோம். திருத்தமும் வருத்தமும் போட்டோம். ஆனால் அந்த கார்டு வாட்ஸ்அப்பில் சாயங்காலம் வரை சுற்றிக்கொண்டிருந்தது. சேலம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எங்கள் பக்கத்துக்குச் செய்தி அனுப்பியிருந்தார். திட்டவில்லை. ‘உங்க செய்தியப் பாத்துத்தான் பொண்ண அனுப்பல. இன்னைக்கு அவளுக்குப் பரீட்சை’ என்று மட்டும் இருந்தது.

அலுவலகத்தில் பெரிதாக யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் எனக்குள் அந்த வரி ஓடிக்கொண்டே இருந்தது. அடுத்த சில வாரம், போன் அடித்தாலே கை நடுங்கும். வேலையை விட்டுவிடலாமா என்ற யோசனையோடுதான் பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அன்றிரவு தம்பியின் விமானம் சென்னை எல்லையைத் தாண்டியதும் சொன்னேன். அவன் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுக் கேட்டான். அடுப்படியிலிருந்து அம்மாவும் வந்து நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை.

அம்மாவின் மலை

அம்மா கிராம சுகாதார செவிலியர். பல வருடங்கள் கல்வராயன் மலையில் வேலை பார்த்தவர். கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் வளைவுகளில் எந்த வளைவில் எந்த சிம்முக்கு சிக்னல் வரும் என்று அவருக்கு மனப்பாடம்.

போனில் அம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைச் சொன்னாலும் கடைசியில், “என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லு” என்பார். மாத்திரை சாப்பிடும் முறையிலிருந்து மளிகைச் சாமான் வரை. சின்ன வயதில் நானும் தம்பியும் அதை வைத்தே அம்மாவைக் கேலி செய்வோம். அது ஏன் வந்தது என்று அன்றுதான் சொன்னார்.

“நீ எட்டாவது படிக்கும்போது நடந்தது பாப்பா. மேல ஒரு ஊருல ஒரு பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சி. நான் நடந்தே போயிட்டேன். கீழ இறக்க ஜீப்புக்குச் சொல்லணும். பாறை மேல ஏறி நின்னு போன் போட்டு, மேல இருக்கிற ஊருன்னு பேரைச் சொன்னேன். ‘சரிங்கம்மா’ன்னாங்க. வெச்சிட்டேன்.”

எங்கள் பக்கத்தில் மேல், கீழ், பெரிய, சின்ன என்று ஒரே பெயரில் இரண்டு ஊர்கள் இருப்பது சகஜம். ஜீப் கீழ் ஊருக்குப் போய் நின்றுவிட்டது. அங்கே விசாரித்து, திரும்பி, மேலே வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குள் அந்தக் குடிசையிலேயே பிரசவம் ஆகிவிட்டது.

“தாய்க்கும் புள்ளைக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா ஆயிருந்தா? அவரு சரியாத்தான் கேட்டிருக்கணும், வாஸ்தவம்தான். ஆனா ‘சரி’ன்னு சொன்னதை நம்பி வெச்சது நான்தானே? சரின்னு சொல்லிட்டா சரியா கேட்டுதுன்னு ஆயிடுமா?”

தம்பியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

“அம்மா, நீ சொல்றது இதுல ரூலு. இதுக்கு ரீட்பேக்னு பேரு” என்றான் தம்பி.

“பேரு என்ன கழுதையோ. அதுக்கப்புறம் ஒருத்தரையும் திருப்பிச் சொல்லாம நான் போன வெக்க விட்டதில்ல.” பிறகு என் பக்கம் திரும்பினார். “தப்பு பண்ணிட்டா வேலைய விட்டுட்டுப் போயிடுவாங்களா? நான் விட்டிருந்தா அந்த மலையில எத்தன புள்ளைங்களைப் பாத்திருக்க முடியாது?”

வேலையை விடுவது பற்றி நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை. அம்மாக்களுக்கு எப்படித்தான் தெரியுமோ.

வலது பக்கம் பார்!

சென்னை அப்ரோச் தன் எல்லை முடிந்ததும், இனி ரேடார் உதவி கிடையாது என்று சொல்லி வணக்கம் வைத்துவிட்டார். திருச்சிப் பக்கம் அன்று யாரும் ஆன்லைனில் இல்லை. அப்படிப்பட்ட இடங்களில் 122.8 என்ற பொது அலைவரிசையில் ‘நான் இங்கே இருக்கிறேன், இதைச் செய்யப்போகிறேன்’ என்று மற்ற விமானிகளுக்குத் தாமாகவே தெரிவிக்க வேண்டும். கேட்க ஆள் இல்லாவிட்டாலும் சொல்ல வேண்டும். தம்பி சொன்னான்.

சென்னைக்கும் திருச்சிக்கும் நேர்கோடு போட்டால் அது எங்கள் மாவட்டத்து உளுந்தூர்பேட்டை மேலே போகும். இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று இன்றைக்கும் சும்மா கிடக்கிற ஊர். விமான நிலையம் இல்லாத எங்கள் மாவட்டத்துக்கு அதுதான் ஆகாயத்தோடு இருக்கும் பழைய உறவு.

“இப்ப பேசலாம்க்கா. வலது பக்கம் பாரு” என்றான் தம்பி. தூரத்தில், மங்கலான நீலத்தில் ஒரு மேடு. கல்வராயன் மலை. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே வந்து பார்த்தார். “இவ்ளோதானா?” என்றார். நடந்து ஏறியவருக்கு அப்படித்தான் இருக்கும்.

நான் வேலையை விடவில்லை. இப்போது செய்தி சொல்ல யார் கூப்பிட்டாலும், ஊர், எண், நாள் மூன்றையும் திருப்பிச் சொல்லி, “சரியாண்ணா?” என்று கேட்ட பிறகுதான் தட்டச்சு செய்கிறேன். “சின்னசேலம். சின்ன. சேலம் மாவட்டம் இல்ல. சரியா?” கூடுதலாகப் பத்து விநாடி ஆகும். அதே செய்தியாளர் அண்ணன் ஒருநாள், “என்னம்மா, பிளேன் ஓட்டுற மாதிரியே பேசுற?” என்று சிரித்தார்.

தம்பிக்கு இப்போது நிஜக் கட்டுப்பாட்டாளராகும் ஆசை வந்திருக்கிறது. அதற்கு இந்திய விமான நிலைய ஆணையத்தின் தேர்வு எழுத வேண்டும். இயற்பியல், கணிதத்தோடு பி.எஸ்சி, அல்லது பொறியியல் பட்டம் தேவை. வீட்டு சிமுலேட்டர் அனுபவத்துக்கு அங்கே மதிப்பெண் கிடையாது. அது அவனுக்கும் தெரியும். இன்னொருவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கிற காது ஒன்று அவனுக்கு வந்திருக்கிறது. எனக்கு அதுவே போதும்.

அன்றிரவு அவன் திருச்சியில் தரையிறங்கியபோது பதினொன்றைத் தாண்டிவிட்டது. அறைக்குள்ளிருந்து அம்மா குரல் கொடுத்தார்.

“தம்பி, மோட்டாரை நிறுத்திட்டு, கதவைத் தாழ்ப்பா போட்டுட்டுப் படு!”

“சரிம்மா!”

“என்னடா சரி?”

தம்பி ஹெட்செட்டை எடுத்து மறுபடி காதில் மாட்டிக்கொண்டான். “மோட்டாரை நிறுத்திட்டு, கதவைத் தாழ்ப்பா போட்டுட்டுப் படுக்கறேன், ஐஃப்ளை ஸிக்ஸ் ஒன் எய்ட் டூ!”

“ம்ம்” என்றார் அம்மா. ரீட்பேக் கரெக்ட்.